ஒரே காரில் பல நாடுகள்: ஐரோப்பாவில் வாடகைக் கார் எடுப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

இணையத்தில் மலிவாக ஒரு கார் கண்ணில் பட்டவுடன் பதிவு செய்துவிட்டு, எந்தெந்த ஊருக்குப் போவது என்று அப்புறம் யோசிப்பவர்கள் அதிகம். பல நாடுகளைச் சேர்த்துச் சுற்றுவதாக இருந்தால் இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். முதலில் பாதை, அடுத்து வண்டியை எங்கே எடுத்து எங்கே விடுவது, கடைசியில்தான் கார். ஏனென்றால் இந்தப் பயணத்தில் பெரிய செலவுகள் எல்லாம் விளம்பரத்தில் காட்டும் தினசரி வாடகைக்கு வெளியே இருக்கின்றன. கீழே உள்ள பதில்கள் தமிழ்நாட்டிலிருந்து சுற்றுலா விசாவில் போகிறவரை மனதில் வைத்து எழுதியவை. ஐரோப்பாவிலேயே வசிப்பவர்களுக்குத் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது. கட்டணங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். புறப்படுமுன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: முதலில் இதைச் சொல்லுங்கள், கார் தேவையா? ரயில் போதாதா?

பாரிஸ், ரோம், வியன்னா, ஆம்ஸ்டர்டாம் என்று நகரங்களை மட்டும் பார்ப்பதாக இருந்தால் ரயிலே போதும். அங்கே கார் ஒரு சுமை: நிறுத்த இடம் இல்லை, இருந்தால் கட்டணம் கடுமை, ஊருக்குள் நுழையவே பல தடைகள். சுவிட்சர்லாந்திலும் ரயில்தான் என் கட்சி. செர்மாட் ஊருக்குள் வெளியூர்க் கார்களுக்கு அனுமதி இல்லை; டேஷ் என்ற ஊரில் வண்டியை நிறுத்திவிட்டு ரயில் ஏற வேண்டும். வெங்கன், மியூரன் ஆகிய ஊர்களுக்கும் காரில் போக முடியாது. கார் எடுத்தும் ரயில் டிக்கெட் வாங்குவதென்றால் எதற்கு அந்தக் கார்?

கார் தன் வாடகையைச் சம்பாதித்துக் கொடுக்கும் இடங்கள் வேறு. டஸ்கனியின் குன்றுக் கிராமங்கள், பிராவன்ஸ், டோலமைட் மலைகள், ஜெர்மனியின் கருங்காடு, ஸ்லோவேனியா, குரோவேஷியாவின் கடற்கரை ஆகிய இடங்களில் பஸ் நேரத்துக்கு அடிமையாக இருந்தால் பாதி அழகு கைநழுவும். நான்கு பேர் சேர்ந்து போனால் ரயில் டிக்கெட்டுக்கு ஆகும் செலவோடு ஒப்பிடும்போதும் கார் கட்டுப்படியாகும். பெருநகரத்தை ரயிலிலும் மெட்ரோவிலும் பார்த்து முடித்து, அதை விட்டுக் கிளம்பும் நாளில் காரை எடுப்பதுதான் நல்ல வழி.

கேள்வி: இந்திய ஓட்டுநர் உரிமம் அங்கே செல்லுமா?

உரிமத்தோடு ஐ.டி.பி. எனப்படும் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். இது தனியான உரிமம் இல்லை, உங்கள் உரிமத்தின் பல மொழிப் பெயர்ப்பு. ஆகவே இரண்டையும் சேர்த்தே காட்ட வேண்டும். ஒன்றை மட்டும் காட்டினால் பயனில்லை. உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில், அதாவது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில், பாஸ்போர்ட், விசா நகல்களோடு விண்ணப்பித்தால் கிடைக்கும். கட்டணம் 1,000 ரூபாய், ஓராண்டு செல்லும். 'சர்வதேச லைசென்ஸ்' என்று இணையத்தில் தனியார் விற்கும் அட்டைகளை வாங்காதீர்கள், அவற்றுக்கு மதிப்பே கிடையாது.

சில நாடுகளில் ஐ.டி.பி. இல்லாமலே கவுண்ட்டரில் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். அதை நம்பிப் போகக் கூடாது. அடுத்த நாட்டில் போலீஸ் நிறுத்தினாலோ, விபத்துக்குப் பிறகு காப்பீட்டுக்காரர் கேட்டாலோ அந்தத் தாள் இல்லாதது பெரிய விஷயமாகிவிடும்.

கேள்வி: வயது வரம்பு உண்டா?

பொதுவாக 21. 25 வயதுக்குக் கீழ் இருந்தால் தினமும் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். உரிமம் எடுத்து குறைந்தது ஓராண்டாவது ஆகியிருக்க வேண்டும்.

கேள்வி: பணம் கையில் இருக்கிறது. கிரெடிட் கார்டு கட்டாயமா?

பெரும்பாலும் கட்டாயம்தான், அதுவும் வண்டி ஓட்டுபவரின் பெயரிலேயே இருக்க வேண்டும். அப்பா ஓட்டுவார், கார்டு மகன் பெயரில் என்றால் கவுண்ட்டரிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள், முன்பதிவுக்குக் கட்டிய பணமும் போகலாம். வெளிநாட்டுப் பயணத்துக்காக வங்கியில் வாங்கும் ஃபாரெக்ஸ் கார்டைப் பல நிறுவனங்கள் டெபாசிட்டுக்கு ஏற்பதில்லை, அது முன்பணம் ஏற்றிய அட்டை என்பதால். டெபிட் கார்டை ஏற்றாலும் அவர்களுடைய முழுக் காப்பீட்டை வாங்கச் சொல்லி நெருக்குவார்கள்.

டெபாசிட் என்பது சில நூறு யூரோ முதல் 2,000, 3,000 யூரோ வரை போகும். அந்தத் தொகையை எடுக்க மாட்டார்கள், கார்டில் முடக்கி வைப்பார்கள். வண்டியைத் திருப்பிக் கொடுத்த பிறகு முடக்கம் நீங்கச் சில நாட்கள், சிலசமயம் வாரங்கள்கூட ஆகும். அதனால் கார்டின் வரம்பில் ஓட்டலுக்கும் சாப்பாட்டுக்கும் இடம் மிச்சம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2020 விதிப்படி இந்திய கார்டுகள் வெளிநாட்டுப் பரிமாற்றத்துக்குத் தாமாகத் திறந்திருப்பதில்லை. வங்கிச் செயலியில் நீங்கள்தான் அதைத் திறந்து, வரம்பையும் உயர்த்த வேண்டும். கார்டு இயந்திரம் 'ரூபாயா, யூரோவா' என்று கேட்டால் யூரோ என்றே சொல்லுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தில் கை வைத்துவிடுவார்கள்.

கேள்வி: ஒரு நாட்டில் எடுத்த காரில் எந்த நாட்டுக்கு வேண்டுமானாலும் போகலாமா?

இல்லை. இந்த ஒரு கேள்விக்கு விடை தெரியாமல் பணம் கட்டுகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு நிறுவனமும் எந்தெந்த நாட்டுக்குள் தன் வண்டி போகலாம் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அது முன்பதிவுப் பக்கத்தின் முகப்பில் இருக்காது, விதிமுறைகளுக்குள் எங்கோ புதைந்து கிடக்கும். பிரான்ஸ், ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து ஆகியவற்றுக்குள் பெரும்பாலும் சிக்கல் இல்லை. கிழக்கே போகப் போகக் கட்டுப்பாடு கூடும். பென்ஸ், பி.எம்.டபிள்யூ., ஆடி போன்ற வண்டிகளைத் திருட்டுப் பயத்தால் சில நாடுகளுக்குள் கொண்டுபோக விட மாட்டார்கள்; அந்தப் பட்டியலில் சில நிறுவனங்கள் இத்தாலியையும் வைத்திருக்கின்றன. அல்பேனியா, துருக்கி போன்ற நாடுகளுக்கு 'கிரீன் கார்டு' என்னும் சர்வதேசக் காப்பீட்டுச் சான்று தேவை. ஐரோப்பியக் கண்டத்தில் எடுத்த காரை பிரிட்டனுக்குள் கொண்டுபோகப் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. படகில் ஏற்றிக் கடல் கடக்கவும் முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டும்.

அனுமதி இல்லாத நாட்டுக்குள் போனால் காப்பீடு அறுந்துவிடும். எல்லையைத் தாண்டிய பிறகு சின்ன விபத்து நேர்ந்தாலும் முழுச் செலவும் உங்கள் தலையில்தான். பல வண்டிகளில் இருப்பிடம் காட்டும் கருவி இருப்பதால் 'யாருக்குத் தெரியப்போகிறது' என்ற கணக்கும் செல்லாது.

செய்ய வேண்டியது இதுதான்: போகப்போகும் எல்லா நாடுகளின் பெயரையும் எழுதி, முன்பதிவுக்கு முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். வரும் பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கவுண்ட்டரிலும் மறுபடி சொல்லி, ஒப்பந்தத் தாளில் அந்தப் பெயர்களை எழுத வையுங்கள். எல்லை தாண்டும் கட்டணம் என்று சில நிறுவனங்கள் தனியாக வாங்குவதும் உண்டு.

கேள்வி: எல்லையில் விசா பார்ப்பார்களா?

ஷெங்கன் நாடுகளுக்கிடையே, அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளுக்கிடையே, வழக்கமான குடியேற்றச் சோதனை கிடையாது. சோதனையே இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். 2024 செப்டம்பரிலிருந்து ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் தற்காலிகச் சோதனை வைத்தது. இத்தாலியும் ஸ்லோவேனிய எல்லையில் அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கியது. ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டி ஓரம் கட்டச் சொல்லும்போது பாஸ்போர்ட் டிக்கியில் மூன்றாவது பெட்டிக்கு அடியில் இருக்கக் கூடாது. முன்சீட்டில் இருப்பவரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

ஒற்றை நுழைவு விசாக்காரர்கள் வரைபடத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். குரோவேஷியாவில் ஸ்பிளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக் போகும் கடற்கரைச் சாலை நல்ல எடுத்துக்காட்டு. குரோவேஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கனில் இருக்கிறது. ஆனால் வழியில் நேயும் என்ற ஊரில் போஸ்னியா கடலைத் தொட்டுக்கொண்டு, குரோவேஷியக் கடற்கரையை இரண்டாக வெட்டுகிறது. அந்தச் சில கிலோமீட்டர் ஷெங்கனுக்கு வெளியே. உள்ளே போய்விட்டால் ஒற்றை நுழைவு விசா அங்கேயே தீர்ந்துபோகும். 2022 ஜூலையில் திறந்த பெல்யெஷாட்ஸ் பாலம் இந்தத் துண்டைச் சுற்றிப் போக வழி தந்துவிட்டது, அதற்குச் சுங்கக் கட்டணமும் இல்லை. வழிகாட்டிச் செயலி எந்தப் பாதையைக் காட்டுகிறது என்று பார்த்து, பாலத்தின் வழியே போங்கள்.

கேள்வி: ஒரு நாட்டில் எடுத்து வேறொரு நாட்டில் விடலாமா?

விடலாம், ஆனால் கட்டணம் கண்ணைக் கட்டும். வேறு நாட்டில் விட்டால் பல நூறு யூரோ தனியாகக் கேட்பது சாதாரணம். சில பாதைகளில் அது மொத்த வாடகையையே தாண்டிவிடும். அந்த நாட்டுப் பதிவெண் கொண்ட வண்டியை ஆள் வைத்துத் திருப்பிக் கொண்டுவர வேண்டியிருப்பதுதான் காரணம். ஒரே நாட்டுக்குள் வேறு நகரத்தில் விடுவது அவ்வளவு கடுமையாக இருக்காது.

அதனால் வட்டமாகச் சுற்றி, எடுத்த நாட்டிலேயே விடும்படி பாதையை அமையுங்கள். மூனிக்கில் எடுத்து சால்ஸ்பர்க், பிளெட் ஏரி, லியுப்லியானா, திரியெஸ்தே, வெனிஸ், டோலமைட், இன்ஸ்புரூக் வழியாக மூனிக் திரும்புவது அப்படி ஒரு அருமையான வட்டம். நான்கு நாடுகள், எல்லாம் ஷெங்கன், எல்லாம் யூரோ.

பாஸல் விமான நிலையத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அது நிற்பது பிரெஞ்சு மண்ணில், ஆனால் பிரெஞ்சுப் பக்கம், சுவிஸ் பக்கம் என்று இரண்டு வாசல்கள். இரு பக்கமும் கார் வாடகைக் கவுண்ட்டர்கள் உண்டு, ஒரே நிறுவனத்தின் வாடகையே பக்கத்துக்குப் பக்கம் மாறும். ஜெனீவாவிலும் இப்படி ஒரு பிரெஞ்சுப் பகுதி இருக்கிறது. சுவிஸ் பக்கத்துக் காரில் சுவிஸ் நெடுஞ்சாலைக் கட்டணம் ஏற்கெனவே கட்டியிருக்கும், பிரெஞ்சுப் பக்கத்துக் காரில் அதை எதிர்பார்க்க முடியாது. எந்தப் பக்கம் எடுத்தீர்களோ அதே பக்கத்தில்தான் விட வேண்டும். இதைக் கவனிக்காமல் விமானத்துக்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது தவறான வாசலில் போய் நின்றால் திண்டாட்டம்தான்.

மூன்று வாரத்துக்கு மேல் சுற்றுகிறவர்கள் பிரான்ஸில் கிடைக்கும் தற்காலிகக் குத்தகையையும் விசாரிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்களுக்கான ஏற்பாடு அது. புதிய வண்டி, முழுக் காப்பீடு, சிவப்பு நம்பர் பலகை.

கேள்வி: காப்பீடு வாங்கச் சொல்லி விடாமல் கேட்கிறார்கள். வாங்க வேண்டுமா?

மூன்றாம் நபர் காப்பீடு சட்டப்படி வாடகையிலேயே அடக்கம். அதாவது நீங்கள் இடித்த மற்றவரின் வண்டிக்கும் உடலுக்கும் ஆன சேதம். நீங்கள் ஓட்டும் வண்டிக்கு ஆகும் சேதத்துக்குப் பெரும்பாலும் ஒரு அடிப்படைக் காப்பு இருக்கும், ஆனால் அதில் முதல் 1,000 முதல் 3,000 யூரோ வரை உங்கள் பொறுப்பு. டெபாசிட்டாக முடக்குவதும் பெரும்பாலும் அந்தத் தொகையைத்தான்.

அந்தப் பொறுப்பை நீக்க இரண்டு வழிகள். ஒன்று, கவுண்ட்டரில் அவர்கள் விற்கும் முழுக் காப்பு. விலை கூடுதல், ஆனால் சேதம் ஆனால் சாவியைக் கொடுத்துவிட்டு நடையைக் கட்டலாம். மற்றொன்று, முன்பதிவு இணையதளமோ தனி நிறுவனமோ மலிவாக விற்கும் காப்பு. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. கார் நிறுவனத்துக்கும் இந்தக் காப்புக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சேதம் ஆனால் உங்கள் கார்டிலிருந்து முதலில் எடுத்துக்கொள்வார்கள். ரசீது, போலீஸ் அறிக்கை, புகைப்படம் எல்லாம் அனுப்பி நீங்கள்தான் பிறகு வாங்க வேண்டும். 'இதெல்லாம் இங்கே செல்லாது' என்று கவுண்ட்டரில் சொல்வது இதை வைத்துத்தான். பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. கார்டில் வரம்பும் தாள்களோடு அலையப் பொறுமையும் இருந்தால் இரண்டாவது வழியே சிக்கனம். முதல் முறையாக வலப்பக்கம் ஓட்டப்போகிறவர் கூடுதல் பணம் கொடுத்து முதல் வழியில் போனால் அவரை நான் ஊதாரி என்று சொல்ல மாட்டேன்.

எந்தக் காப்பு எடுத்தாலும் டயர், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி, கூரை, கிளட்ச் ஆகியவை சேர்த்தியா என்று படித்துப் பாருங்கள். அடிப்படைக் காப்பில் இவை பெரும்பாலும் இருக்காது. தவறான எரிபொருள் ஊற்றினால் யாரும் காப்பாற்ற மாட்டார்கள். ஷெங்கன் விசாவுக்காக எடுத்த 30,000 யூரோ பயணக் காப்பீடு உங்கள் மருத்துவச் செலவுக்கானது, காருக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டினால் எல்லாக் காப்பும் ரத்து. இரண்டாவது ஓட்டுநரின் பெயரைப் பணம் கட்டிச் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: வண்டியை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

காரின் கோட்டுப்படம் போட்ட ஒரு தாளையோ திரையையோ காட்டிக் கையெழுத்துக் கேட்பார்கள். ஏற்கெனவே உள்ள கீறல்களும் நசுங்கல்களும் அதில் குறித்திருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். நின்றபடி பார்த்தால் தெரியாது, ஒவ்வொரு சக்கரத்தருகிலும் குந்தி உட்காருங்கள். நடைபாதைக் கல்லில் உரசிய தடம் வளையத்தின் விளிம்பில் இருக்கும். முன் பம்பரின் கீழ் உதட்டைக் கையால் தடவிப் பாருங்கள். முன்கண்ணாடியில் அரிசி அளவு சிதறல் இருந்தாலும் விடாதீர்கள். கார் நிறுத்துமிடம் இருட்டாக இருந்தால் கைபேசி விளக்கைப் போட்டு, நிறுத்தாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். நம்பர் பலகையில் தொடங்கி, எரிபொருள் முள்ளிலும் கிலோமீட்டர் எண்ணிலும் முடியட்டும். குறிக்காமல் விட்ட கீறல் எதுவாக இருந்தாலும் திரும்பக் கொண்டுபோய் எழுத வையுங்கள். பின்னால் ஆள் வரிசையில் நிற்கிறாரே என்று கூச்சப்பட வேண்டாம்.

ஸ்டெப்னி இருக்கிறதா, இல்லை பஞ்சர் ஒட்டும் பசை டப்பாதானா, முக்கோணப் பலகையும் ஒளிரும் மேலங்கியும் எங்கே இருக்கின்றன என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிரான்ஸில் முக்கோணமும் மேலங்கியும் கட்டாயம், ஆஸ்திரியாவில் முதலுதவிப் பெட்டியும் சேர்த்து.

திருப்பித் தரும்போதும் இதே சடங்கு. அலுவலகம் மூடிய பிறகு சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போனால், மறுநாள் அவர்கள் வந்து பார்க்கும்வரை வண்டி உங்கள் பொறுப்பில்தான். நகரக் கிளைகள் பல சனி மதியத்தோடு மூடிவிடும், ஞாயிறு திறக்காது. வாடகை நாள் என்பது 24 மணி நேரம். காலை 10 மணிக்கு எடுத்ததைப் பகல் 12 மணிக்குக் கொடுத்தால் இன்னொரு நாள் வாடகை விழலாம்.

கேள்வி: சுங்கச் சாலைகளுக்கு ஃபாஸ்டேக் மாதிரி ஒன்று உண்டா?

ஐரோப்பா முழுவதற்கும் சுற்றுலாக்காரர் சுலபமாக வாங்கும்படி ஒன்றும் இல்லை. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு முறை. மூனிக் வட்டத்தையே எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்போம்.

ஜெர்மனியில் கார்களுக்குச் சுங்கம் இல்லை. ஆஸ்திரிய எல்லைக்கு முன் 'விக்னெட்' எனப்படும் நெடுஞ்சாலை வில்லை வாங்க வேண்டும். ஒரு நாள், 10 நாள், 2 மாதம், ஓராண்டு என்று கிடைக்கும். பயணத்தின் முதலிலும் கடைசியிலும் ஆஸ்திரியா வருவதால், 10 நாளுக்கு மேல் சுற்றினால் திரும்பும்போது இன்னொன்று வேண்டும். பலர் மறந்துபோவது இது. சால்ஸ்பர்க்கிலிருந்து தெற்கே போகும் ஏ10 சாலையில் டவுயெர்ன் சுரங்கப் பாதைக்கு வில்லைக்கு மேல் தனிக் கட்டணம். ஸ்லோவேனியாவுக்குள் நுழையும் காரவாங்கன் சுரங்கத்துக்கும் தனிக் கட்டணம். ஸ்லோவேனியாவில் 2022 முதல் மின்னணு வில்லைதான்; ஒரு வாரத்துக்குச் சுமார் 16 யூரோ. சுரங்கத்தைத் தாண்டியவுடன் அந்த நாட்டு நெடுஞ்சாலை என்பதால் அதையும் முன்பே வாங்கியிருக்க வேண்டும். இத்தாலியில் நம்மூர் பழைய முறை: நுழையும்போது சீட்டு, வெளியேறும்போது பணம். மஞ்சள் நிறத்தில் 'டெலிபாஸ்' என்று எழுதிய பாதைக்குள் மட்டும் போகாதீர்கள், அது கருவி பொருத்திய வண்டிகளுக்கு. வடக்கே திரும்பும்போது பிரென்னர் கணவாயிலிருந்து இன்ஸ்புரூக் வரையிலான ஏ13 சாலைக்கு வில்லை வேண்டாம், தனிக் கட்டணம். இன்ஸ்புரூக்கைத் தாண்டியதும் மறுபடி வில்லை.

மின்னணு வில்லை நம்பர் பலகையோடு இணைந்தது. வாடகைக் காரின் எண் சாவி கையில் வந்த பிறகே தெரியும் என்பதால் வீட்டிலிருந்தே வாங்கிவிட முடியாது. கார் நிறுத்துமிடத்தில் நின்றபடியோ எல்லைக்கு முந்தைய பெட்ரோல் பங்கிலோ வாங்குங்கள். ஓ என்ற எழுத்தையும் பூஜ்ஜியத்தையும் மாற்றித் தட்டிவிட்டால் வில்லை இல்லாததற்குச் சமம். அரசு இணையதளம் போலவே தோற்றம் காட்டி இரட்டை விலை வாங்கும் இடைத்தரகர்களும் இருக்கிறார்கள்.

சுவிட்சர்லாந்தில் ஆண்டு வில்லை மட்டும்தான், 40 பிராங்க். ஒரே ஒரு நாள் கடந்து போனாலும் அதே விலை. பிரான்ஸில் சாவடிகள் உண்டு. ஆனால் பாரிஸிலிருந்து நார்மண்டி போகும் ஏ13 சாலையில் சாவடியை எடுத்துவிட்டுக் கேமரா வைத்துவிட்டார்கள். யாரும் நிறுத்த மாட்டார்கள்; 72 மணி நேரத்துக்குள் நீங்களாகவே இணையத்தில் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் அபராதம் வாடகை நிறுவனத்தைச் சுற்றிக்கொண்டு உங்களிடம் வரும்.

கேள்வி: இத்தாலிய நகரங்களில் கார் ஓட்டினால் அபராதம் வரும் என்கிறார்களே?

வரும். இசட்.டி.எல். எனப்படும் கட்டுப்படுத்தப்பட்ட போக்குவரத்துப் பகுதிதான் காரணம். ரோம், ஃபிளாரன்ஸ், பிசா, சியெனா என்று பழைய நகர மையம் உள்ள ஊர்களில் எல்லாம் இருக்கிறது. அடையாளம் வெள்ளை வட்டத்தைச் சுற்றிய சிவப்பு வளையம், அதன் கீழே நேரம். அருகில் ஒளிரும் பலகையில் 'வார்கோ அத்திவோ' என்று இருந்தால் தடை அமலில் இருக்கிறது, உள்ளே போகக் கூடாது. இந்த 'அத்திவோ'வைப் படித்து 'திறந்திருக்கிறது போலும்' என்று உள்ளே போகிறவர்கள் உண்டு. தடுப்புக் கம்பி கிடையாது, போலீஸ் கிடையாது, கேமரா மட்டும். ஒவ்வொரு முறை நுழைவதும் தனிக் குற்றம். வழி தெரியாமல் ஒரே தெருவைச் சுற்றிச் சுற்றி வந்தால் ஒரே மாலையில் மூன்று அபராதம் சேர்ந்துவிடும்.

வழிகாட்டிச் செயலி இதை எப்போதும் எச்சரிக்காது. ஓட்டல் அந்தப் பகுதிக்குள் இருந்தால், வண்டி எண்ணைப் பதிவு செய்து தருவார்களா, எந்த வழியாக வரச் சொல்கிறார்கள் என்று முன்பே கேளுங்கள். அதைவிட நல்லது வெளியே நிறுத்துவது. ஃபிளாரன்ஸுக்கு ஏ1 நெடுஞ்சாலையிலிருந்தே நேராக நுழையக்கூடிய வில்லா கொஸ்தான்சா நிறுத்துமிடம் இருக்கிறது. அங்கே விட்டுவிட்டு டிராம் ஏறினால் நகர மையம். வெனிஸில் கார் போகும் கடைசி இடம் திரொன்கெத்தோவும் பியாட்சாலே ரோமாவும்தான். மிலானில் முறை வேறு: ஏரியா சி என்ற மையப் பகுதிக்குள் வார நாட்களில் காலை 7.30 முதல் மாலை 7.30 வரை நுழைய 7.50 யூரோ கட்டணம்.

கேள்வி: வலப்பக்கம் ஓட்டிப் பழக்கமில்லை. சமாளிக்க முடியுமா?

முடியும். ஆட்டோமேட்டிக் வண்டி எடுங்கள், வாடகை கூடுதலாக இருந்தாலும். அங்கே கியர் வண்டிதான் பொது வழக்கம். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் பதிவின்போதே தேர்ந்தெடுக்க வேண்டும். நம் கார்கள் பெரும்பாலானவற்றில் இண்டிகேட்டர் வலக்கையில் இருக்கிறது, அங்கே இடக்கையில். முதல் நாள் திருப்பத்துக்குத் திருப்பம் முன்கண்ணாடியில் வைப்பர் ஆடுவதைப் பார்ப்பீர்கள்.

இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்ததும் பழக்க தோஷத்தால் உடம்பு சாலையின் வலது பக்கமாகவே ஒதுங்கப் பார்க்கும். வலப்பக்கச் சக்கரங்கள் நடைபாதைக் கல்லில் உரசுவது அதனால்தான். பக்கத்தில் இருப்பவர் கூச்சப்படாமல் 'வலப்பக்கம் உரசப் போகிறது' என்று சொல்லட்டும்.

ரவுண்டானாவை இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். உள்ளே இருப்பவருக்குத்தான் பொதுவாக முன்னுரிமை. எந்தப் பலகையும் இல்லாத சந்தியில் வலப்புறத்திலிருந்து வருபவர் முதலில் போவார், அது சந்து போன்ற சின்னத் தெருவாக இருந்தாலும் சரி. பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனி கிராமங்களில் இந்த விதி தெரியாமல்தான் இடித்துக்கொள்கிறார்கள். மஞ்சள் வைரப் பலகை பார்த்தால் நீங்கள் இருப்பது முன்னுரிமைச் சாலை. ஜெர்மன் நெடுஞ்சாலையில் முந்திய உடனே வலப்பக்கம் ஒதுங்கிவிடுங்கள்; வலப்பக்கமாக முந்தக் கூடாது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் நெரிசல் ஏற்பட்டு வண்டிகள் ஊரத் தொடங்கும்போதே இடக்கோடியில் இருப்பவர் இடப்பக்கமும் மற்றவர்கள் வலப்பக்கமும் ஒதுங்கி, ஆம்புலன்ஸ் போக நடுவில் வழி விட வேண்டும். சைரன் கேட்ட பிறகு ஒதுங்குவது தாமதம்.

கேள்வி: வேக வரம்பு, மது?

நெடுஞ்சாலையில் பிரான்ஸ், இத்தாலி, ஆஸ்திரியா 130, பிரான்ஸில் மழை பெய்தால் 110. சுவிட்சர்லாந்து, ஸ்பெயின் 120. கேமராவைக் காட்டிக்கொடுக்கும் செயலிகளுக்குச் சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் தடை உண்டு. பெரும்பாலான நாடுகளில் ரத்தத்தில் மதுவின் வரம்பு லிட்டருக்கு 0.5 கிராம், செக், ஸ்லோவாக்கியா, ஹங்கேரி, ருமேனியாவில் பூஜ்ஜியம். குடித்தால் ஓட்டாதீர்கள், கணக்குப் போடும் வேலை மிச்சம்.

கேள்வி: பங்கில் எது பெட்ரோல், எது டீசல் என்று எப்படித் தெரியும்?

பெயரை நம்பாதீர்கள், நாட்டுக்கு நாடு மாறும். ஸ்பெயினில் பெட்ரோல் 'கசோலினா', டீசல் 'கசோலியோ'. களைப்பில் இரண்டும் ஒன்றாகவே தெரியும். 2018 அக்டோபர் முதல் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க ஒரே அடையாளம் வைத்திருக்கிறார்கள்: பெட்ரோலுக்கு வட்டம், உள்ளே ஈ5 அல்லது ஈ10. டீசலுக்குச் சதுரம், உள்ளே பி7. பங்கின் குழாயிலும் இருக்கும், புதிய வண்டிகளில் எரிபொருள் மூடியின் உட்பக்கத்திலும் ஒட்டியிருக்கும். இரண்டும் பொருந்தினால் ஊற்றுங்கள்.

பெரும்பாலும் நீங்களேதான் ஊற்ற வேண்டும். இத்தாலியில் ஆள் ஊற்றும் குழாய்க்கு விலை அதிகம். ஆளில்லாத பங்கில் கார்டைச் செருகினால் 100 யூரோவுக்கு மேல்கூட முடக்கிவிட்டு, பிறகு சரியான தொகையை எடுப்பார்கள், பதற வேண்டாம். நெடுஞ்சாலைப் பங்குகளைவிட ஊருக்குள் பல்பொருள் அங்காடியை ஒட்டிய பங்குகள் மலிவு. தொட்டி நிறைய வாங்கி நிறையவே கொடுக்கும் முறையைத் தேர்ந்தெடுத்து, கடைசி ரசீதை வைத்திருங்கள்.

கேள்வி: எலக்ட்ரிக் கார் தந்தால் வாங்கலாமா?

பல நாட்டுப் பயணத்துக்கு, முதல் முறை என்றால், வேண்டாம். நாட்டுக்கு நாடு சார்ஜ் செய்யும் நிறுவனமும் செயலியும் மாறும். 2024 ஏப்ரலுக்குப் பின் அமைத்த வேக சார்ஜர்களில் வங்கிக் கார்டை ஏற்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி இருந்தாலும், பழையவை இன்னும் நிறைய இருக்கின்றன.

கேள்வி: குளிர்காலத்தில் போகலாமா? மலைச் சாலைகள் எப்படி?

குளிர்கால டயர் இருக்கிறதா என்று கேட்டே எடுங்கள். ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை பனிச் சூழலில் அது கட்டாயம். பிரான்ஸின் மலைப் பகுதிகளில் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை குளிர்கால டயரோ சங்கிலியோ வேண்டும். கடற்கரை ஊரில் எடுத்த வண்டியில் பெரும்பாலும் இருக்காது.

உயர்ந்த கணவாய்கள் குளிர்காலத்தில் மூடியிருக்கும். ஆஸ்திரியாவில் 1935-இல் திறந்த கிராஸ்குளோக்னர் சாலை சுமாராக மே தொடக்கத்திலிருந்து நவம்பர் தொடக்கம் வரைதான். கட்டணம் ஒரு காருக்கு 40 யூரோவுக்கு மேல், அந்தக் காட்சிக்குக் கொடுக்கலாம். இத்தாலியின் ஸ்டெல்வியோ 2,757 மீட்டர் உயரம், வடக்குப் பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலையின் 70 வளைவுகளில் ஓட்டியவருக்கு அது புதிதல்ல, ஆனால் அங்கே சைக்கிள்காரர்களும் மோட்டார் சைக்கிள்களும் கூட்டமாக வருவார்கள். இறக்கத்தில் பிரேக்கையே மிதித்துக்கொண்டிராமல் கீழ் கியரில் இறங்குங்கள்.

கேள்வி: குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டுமா?

வேண்டும், மடியில் வைத்துக்கொள்ள முடியாது. பல நாடுகளில் உயரம்தான் அளவுகோல்: 135 அல்லது 150 செ.மீ. வாடகைக்குக் கிடைக்கும், பயணம் நீண்டால் அங்கேயே ஒரு புதிய இருக்கை வாங்கும் விலை ஆகிவிடும். விமானத்தில் கொண்டுபோகலாமா என்று விமான நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கே நிறுத்துவது?

இத்தாலியில் வெள்ளைக் கோடு இலவசம், நீலக் கோடு கட்டணம், மஞ்சள் மற்றவர்களுக்கு ஒதுக்கியது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் சில இடங்களில் அட்டைக் கடிகாரம் ஒன்றில் வந்த நேரத்தைத் திருப்பி முன்கண்ணாடியில் வைக்க வேண்டும். காரின் டாஷ்போர்டுப் பெட்டியில் தேடுங்கள். வண்டிக்குள் கண்ணுக்குத் தெரியும்படி ஒரு பையைக்கூட விடாதீர்கள். சாலையில் யாராவது சைகை காட்டி 'டயர் பஞ்சர்' என்றால் அங்கேயே இறங்காமல், ஆள் நடமாட்டமுள்ள பங்குவரை மெதுவாகப் போய்ப் பாருங்கள். பார்சிலோனாப் பக்கம் இது பழைய தந்திரம்.

கேள்வி: நான் சுவிட்சர்லாந்தில் வசிக்கும் தமிழர். ஜெர்மனியில் மலிவாகக் கார் எடுத்து வீட்டுக்கு ஓட்டி வரலாமா?

இது சுங்கச் சட்டப் பிரச்சினை. சுவிஸில் வசிப்பவர் வெளிநாட்டுப் பதிவெண் கொண்ட, சுங்கவரி கட்டாத வண்டியை நாட்டுக்குள் ஓட்டக் கட்டுப்பாடுகள் உண்டு, வாடகை வண்டிக்கும் சேர்த்துத்தான். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வசிப்பவர் சுவிஸ் பதிவெண் காரை அங்கே ஓட்டுவதற்கும் இதே போல உண்டு. சுற்றுலாவாக வரும் உறவினருக்கு இந்தத் தடை இல்லை. அவர் பெயரில் எடுத்த வண்டியை நீங்கள் ஓட்டுவது வேறு விஷயம். பதிவு செய்வதற்கு முன் சுங்கத்துறையிடம் கேளுங்கள், வாடகைக் கவுண்ட்டரில் கேட்டால் போதாது.

கேள்வி: ஊர் திரும்பிய பிறகு கார்டில் 40 யூரோ பிடித்திருக்கிறார்கள். அபராதம் தீர்ந்துவிட்டதா?

இல்லை, அது வெறும் நிர்வாகக் கட்டணம். போலீஸ் கேட்டபோது உங்கள் பெயரையும் முகவரியையும் எழுதிக் கொடுத்ததற்காக வாடகை நிறுவனம் எடுத்துக்கொண்டது. அபராதக் கடிதம் தனியாக, மாதங்கள் கழித்து வரும். இத்தாலியில் வெளிநாட்டு முகவரிக்கு அனுப்ப 360 நாள் அவகாசம் உண்டு. கடிதம் கிடைத்த 5 நாளுக்குள் கட்டினால் வழக்கமான அபராதங்களுக்கு 30 சதவீதம் தள்ளுபடி. கடிதத்தில் உள்ள எண்ணையும் வண்டி எண்ணையும் உங்கள் ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தத் தேதியில் வண்டி உங்களிடம் இல்லை என்றால் ஒப்பந்த நகலோடு மறுப்பு அனுப்பலாம். அதற்காகவாவது தாள்களை ஒன்றரை ஆண்டு தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.